தண்டில் கறுப்பு இருந்தாலே அக்யூமினாட்டாவா?

ஜூலை 3 (கேள்வி)

காட்டு வாழையில் முக்கியமானவை ரெண்டுதான் என்று படித்தேன். மூசா அக்யூமினாட்டா, மூசா பால்பிசியானா. தண்டில் கறுப்புத் திட்டு இருந்தால் முதலாவது, பச்சையாக இருந்தால் ரெண்டாவது. இது போதும்தானே? எதற்கு ஆளாளுக்குப் பூவை மூடுகிற மடல், விதையாகப் போகிற சூல், விதை என்று நீட்டுகிறார்கள்?

ஜூலை 3, இரவு

போதாது. இருக்கிற அடையாளங்களிலேயே தண்டு நிறத்தைத்தான் நான் கடைசியாக நம்புவேன்.

அக்யூமினாட்டாவில் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுகள் அதிகம், பால்பிசியானாவில் குறைவு அல்லது இல்லவே இல்லை. பொதுவாக இது சரிதான். ஆனால் அக்யூமினாட்டா எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிற்கிற செடி இல்லை. நியூகினியில் ஓர் உள்ளினம், மலாய் தீபகற்பத்தில் ஒன்று, ஜாவாவில் ஒன்று, மியான்மரிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இன்னொன்று என்று பரந்து கிடக்கிறது. தண்டு நிறம், மேலே படியும் வெள்ளை மாவு இரண்டும் உள்ளினத்துக்கு உள்ளினம் மாறும். ஒரே தூரில் வந்த கன்றுகளில்கூட வெயில் படுகிற தண்டு ஒரு நிறம், நிழலில் நிற்பது ஒரு நிறம். காய்ந்த மட்டை சுற்றியிருந்தால் உள்ளே என்ன நிறம் என்றே தெரியாது. உரித்தால் ஈரத்தில் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும்.

இலைக்காம்பைப் பாருங்கள். விவரம் நாளைக்கு.

ஜூலை 4

இலைக்காம்பு. தார் தள்ளிய மரத்தில் மேலிருந்து மூன்றாவது இலையை எடுங்கள். காம்பை நடுவில் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள்.

அக்யூமினாட்டாவில் காம்பின் வாய்க்கால் ப எழுத்து மாதிரி திறந்திருக்கும், இரண்டு சுவரும் நேராகவோ வெளியே சாய்ந்தோ நிற்கும். பால்பிசியானாவில் இரண்டு விளிம்பும் உள்பக்கம் வளைந்து கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும், மேலிருந்து பார்த்தால் வாய்க்காலே மூடியதுபோலத் தெரியும். அடுத்து, காம்பு தண்டைச் சேருகிற இடம். அக்யூமினாட்டாவில் விளிம்பு மெல்லிய காய்ந்த சிறகாக நீண்டு தண்டை விட்டு விலகி நிற்கும். பால்பிசியானாவில் சிறகு கிடையாது, விளிம்பு தண்டை இறுகப் பற்றியிருக்கும்.

இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், காம்பு ஒன்றை வைத்தே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். பூவுக்குக் காத்திருக்க வேண்டாம் என்பது கூடுதல் வசதி. ஆனால் சின்னக் கன்றில் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கன்றின் காம்பு குட்டை, வாய்க்கால் இன்னும் வடிவத்துக்கு வந்திருக்காது.

பழைய சட்டை போட்டுக்கொண்டு போங்கள். வாழைக்கறைக்கு இனம் எல்லாம் கிடையாது, இரண்டும் போகாது.

ஜூலை 5

"பூ வந்திருக்கிறது சார், எதைப் பார்க்கணும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பூ வந்துவிட்டதென்றால் மடல். ஒரு மடல் திறந்து விழுகிற வரைக்கும் பக்கத்திலேயே கவனிக்க முடிந்தால் வேறு எதுவும் தேவையில்லை என்றே சொல்வேன். அக்யூமினாட்டாவின் மடல் திறந்ததும் பின்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். பால்பிசியானாவின் மடல் தூக்கி நிற்குமே தவிரச் சுருளாது, அப்படியே விழும். புகைப்படத்தில்கூட இது தெரியும்.

நிறமும் உதவும், ஆனால் வெளிப்புற நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். அக்யூமினாட்டாவின் மடல் வெளியே சிவப்பாகவோ, மங்கலான ஊதாவாகவோ, மஞ்சளாகவோ இருக்கலாம். மஞ்சள் மடலைப் பார்த்து இது வேறு ஏதோ புது இனம் என்று துள்ளியவர்கள் உண்டு. பால்பிசியானாவில் வெளியே பழுப்பு கலந்த ஊதா, உள்ளே பளிச்சென்ற கருஞ்சிவப்பு. உள்பக்கத்தை அடிவரை பாருங்கள். சிவப்பு அடிவரை ஒரே சீராக இறங்கினால் பால்பிசியானா, அடியை நெருங்க நெருங்க மஞ்சளாக வெளிறினால் அக்யூமினாட்டா. விழுந்து வாடிய மடலில் இதைப் பார்க்காதீர்கள், எல்லாம் பழுப்பாகிவிடும்.

நுனி: கூராக இருந்தால் அக்யூமினாட்டா, மழுங்கலாக அகன்று இருந்தால் பால்பிசியானா. மொட்டு முழுவதையும் தூரத்திலிருந்து பார்த்தாலே முன்னது ஒடுங்கியும் பின்னது தடித்தும் தெரியும்.

மடல் விழுந்த பிறகு தார்க்காம்பில் நிற்கிற தழும்புகளும் ஓர் அடையாளம்தான். அக்யூமினாட்டாவில் துருத்திக்கொண்டிருக்கும், பால்பிசியானாவில் தடவினால்தான் தெரியும். மழையில் நனைந்த தாரில் இரண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் பட்டன, அதனால் இதற்கு அதிக மதிப்பு தருவதில்லை.

ஜூலை 6

ஸ்கேல் வைத்து அளந்தேன் என்று எழுதியவருக்கு. மடலின் தோள்பட்டை விகிதம் என்பது இதுதான்: மடலின் அடியிலிருந்து அது மிக அகன்ற இடம் வரைக்குமான நீளத்தை மடலின் மொத்த நீளத்தால் வகுக்க வேண்டும். 0.28க்குக் கீழே வந்தால் அக்யூமினாட்டா பக்கம், 0.30க்கு மேலே வந்தால் பால்பிசியானா பக்கம்.

இடையில் 0.02 தான் இருக்கிறது, கவனித்தீர்களா? மடல் வளைந்த பொருள். தட்டையாக அழுத்தினால் ஓரம் கிழியும், கிழிந்தால் அகன்ற இடம் நகரும், நகர்ந்தால் இனமே மாறிவிடும். நான் பூவின் மேலடுக்கிலிருந்து ஒரு மடலும் உள்ளடுக்கிலிருந்து ஒரு மடலும் எடுத்து அளந்தபோது ஒரே பூ இரண்டு பக்கமும் வாக்களித்தது. அளப்பதானால் பல மடல்களை அளந்து சராசரி எடுங்கள். இல்லையென்றால் சுருளுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஜூலை 6, கொஞ்சம் கழித்து

அப்புறம் ஆண்பூ. அக்யூமினாட்டாவில் வெளிர் வெள்ளை, பால்பிசியானாவில் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். பெண்பூவின் சூல்முடி (மகரந்தம் ஒட்டுகிற நுனி) முன்னதில் ஆரஞ்சு அல்லது அடர்மஞ்சள், பின்னதில் வெளிறியது. தார்க்காம்பைக் கையால் தடவிப் பாருங்கள். அக்யூமினாட்டாவில் மெல்லிய ரோமம் தட்டுப்படும், பால்பிசியானாவில் வழவழப்பு. தார்க்காம்பை விரல்நுனியால் தடவியதே என் நினைவில் நிற்கிற சோதனை, கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம்.

ஜூலை 9

வரிசையில் இது முதலில் வந்திருக்க வேண்டியது. பழத்தில் விதை இருக்கிறதா?

காட்டு வாழை என்றால் கறுப்புக் கல் விதை. மகரந்தம் சேராவிட்டால் அந்தக் காய் சதைப்பற்று வைக்காது, சுருங்கியே நிற்கும். மகரந்தம் இல்லாமலேயே சதை வைப்பது வளர்ப்பு வாழையின் குணம். ஆகவே விதை இல்லாமல் கொழுத்த பழம் தந்தால் அது காட்டில் நின்றாலும் காட்டு வாழை இல்லை, யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போன கன்று.

இதைத் தலைகீழாகப் போட்டுவிடாதீர்கள். விதை இருந்தால் காட்டு வாழை என்று ஆகாது. பிசாங் அவாக் என்று வெளிநாடுகளில் சொல்லப்படுகிற கற்பூரவல்லி ஏபிபி கலப்பு (ஏ என்றால் அக்யூமினாட்டா, பி என்றால் பால்பிசியானா). மகரந்தம் கிடைத்தால் அதிலும் விதை பிடிக்கும். பக்கத்தில் காட்டு வாழை பூத்திருந்தால் பல் கவனம்.

விதை வடிவமும் வேறு. பால்பிசியானாவின் விதை உருண்டை, மேலே சொரசொரப்பு. அக்யூமினாட்டாவின் விதை கோணல்மாணலாக, நசுங்கி, முனைகள் தெரியும். இரண்டையும் ஒரு கையில் கலந்து வைத்தால்கூடப் பிரித்துவிடலாம்.

பழுக்கக் காத்திருக்க முடியாதவர்கள் இளங்காயை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். வாழைக்காயில் மூன்று சூலறை. ஒவ்வோர் அறையிலும் சூல்கள் இரண்டே வரிசையாக ஒழுங்காக நின்றால் அக்யூமினாட்டா. நான்கு வரிசை, அதுவும் ஒழுங்கில்லாமல் நெருக்கியடித்து நின்றால் பால்பிசியானா. கைலென்ஸ் போதும். எனக்கு இதுதான் இருப்பதிலேயே பிடித்த அடையாளம். வெயில், மழை, நிழல் எதுவும் இதைத் தொடாது.

ஜூலை 10

கேட்டவர் மறுபடியும்: "இத்தனை அடையாளம் எதற்கு? சூல் வரிசை அவ்வளவு நம்பிக்கையானது என்றால் அதோடு நிறுத்தலாமே?"

சுத்தமான காட்டுச் செடியாக இருந்தால் நிறுத்தலாம். அப்போது எல்லா அடையாளமும் ஒரே பக்கம் கை காட்டும், ஒன்றிரண்டு பார்த்தாலே போதும். சிக்கல் கலப்புச் செடியில்தான் வருகிறது. காம்பு ஒரு பக்கம், மடல் ஒரு பக்கம், சூல் நடுவில். உலகத்தில் சாப்பிடுகிற வாழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு இனங்களிலிருந்து வந்தவை. கேவண்டிஷ் ஏஏஏ, முழுக்க அக்யூமினாட்டா. பூவன் ஏஏபி. மொந்தன் ஏபிபி. இங்கே ஏ என்பது அக்யூமினாட்டாவின் ஒரு தொகுதிக் குரோமோசோம், பி என்பது பால்பிசியானாவினுடையது. ஒரு தொகுதிக்கு 11, இரண்டு காட்டு இனத்திலும் மொத்தம் 22.

இந்தக் கலப்புகளைப் பிரிக்கத்தான் 1955ல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற வாழை ஆய்வாளர்கள் இருவரும் 15 அடையாளங்களை வைத்து ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள். அக்யூமினாட்டா போல இருந்தால் ஒன்று, பால்பிசியானா போல இருந்தால் ஐந்து, இடைப்பட்டவைக்கு இடையில் ஓர் எண். சுத்த அக்யூமினாட்டாவுக்கு 15, சுத்த பால்பிசியானாவுக்கு 75. ஏஏபி கலப்புகள் கீழ்ப்பாதியில் விழும், ஏபிபி மேலே ஏறும். நான் இதுவரை எழுதிய காம்பு, மடல், ரோமம், சூல் எல்லாம் அந்தப் பதினைந்தில் உள்ளவைதான். உங்கள் தண்டு நிறமும் அதில் ஒன்று. பதினைந்தில் ஒன்று, அவ்வளவுதான்.

ஜூலை 11

நேற்று எழுதியதில் ஒரு வால்.

மதிப்பெண் முறை எல்லா அடையாளத்துக்கும் ஒரே எடை கொடுக்கிறது. வெயிலுக்கு மாறுகிற தண்டு நிறத்துக்கும் ஐந்து, எதற்கும் மாறாத சூல் வரிசைக்கும் ஐந்து. யோசிக்க யோசிக்க எனக்கு இது உறுத்துகிறது. 1955ல் கையில் மரபணுக் கருவி இல்லாதபோது வயலில் நின்று செய்யக்கூடிய வேலை இது, அந்த வகையில் அபாரம். ஆனால் அதன் கடைசி எண்ணை மட்டும் எழுதிவைத்துவிட்டு எந்த அடையாளத்துக்கு எவ்வளவு போட்டோம் என்று எழுதாமல் விட்டால் அந்தக் குறிப்பு யாருக்கும் உதவாது. அடையாளங்களைத் தனித்தனியாக எழுதுங்கள்.

இன்னொன்று. ஏபி, ஏஏபி என்றதும் குரோமோசோம்கள் தனித்தனிப் பெட்டியில் இருப்பதுபோலத் தோன்றும். அப்படி இல்லை. கலப்பு வாழைகளில் ஏ துண்டும் பி துண்டும் இடம் மாறியிருப்பதை மரபணு வரிசைப்படுத்தல் காட்டிவிட்டது. ஏ குரோமோசோமுக்குள் பி துண்டு, பி இருக்க வேண்டிய இடத்தில் ஏ துண்டு. வெளித்தோற்றம் குழப்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

ஜூலை 14

ஒருவர் படம் போட்டு "இது எந்த இனம், மடல் உதிரவே மாட்டேன் என்கிறது" என்று கேட்கிறார். பாறைச் சரிவு, அடி பருத்த தண்டு, பக்கக்கன்று ஒன்றுகூட இல்லை.

இரண்டும் இல்லை. அது மூசா என்ற வாழைப் பேரினமே இல்லை, அதற்கு உறவான என்செட் சூப்பர்பம். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளில் வளர்வது. வறண்ட காலத்தில் மேலே எல்லாம் காய்ந்து கிழங்கு மட்டும் நிற்கும், மழை வந்ததும் திரும்பக் கிளம்பும். கன்று விடாது, ஒரு தடவை காய்த்ததும் செத்துப்போகும், அடுத்த தலைமுறை விதையில் மட்டும். குரோமோசோம் எண்ணிக்கையும் ஒத்துவராது, இதற்கு ஒரு தொகுதி 9. மூசாவின் மதிப்பெண் பட்டியலை இதற்குப் போட்டுப் பார்த்தால் ஏதோ ஓர் எண் வரத்தான் செய்யும். பட்டியலுக்கு வெட்கம் கிடையாது.

ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால்: தூரில் கன்று இருக்கிறதா, அடி உப்பியிருக்கிறதா?

ஜூலை 15

விதை முளைக்கவில்லை என்று புலம்பியவருக்கு. ஒரே சூட்டில் வைத்திருப்பீர்கள். எனக்கும் நிழல் மூலையில் வைத்த தட்டில் மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. பகலில் வெயில் அடித்து இரவில் குளிர்கிற இடத்துக்கு மாற்றியதும்தான் பால்பிசியானா விதைகள் மூக்கை நீட்டின. வெப்பம் ஏறி இறங்குவதை இந்த விதை ஓர் அறிவிப்பாக எடுத்துக்கொள்கிறது. காட்டில் ஒரு மரம் விழுந்து வெளிச்சம் திறந்தால் தரையில் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் வித்தியாசம் கூடும், அந்த வெளிச்சத் திறப்புதான் நாற்றுக்கு வாய்ப்பு. அடர்ந்த நிழலில் முளைத்தால் பிழைக்காது.

விதைத்தோல் கல் போல இருப்பதால் உரசி விடலாமா என்றால், நான் உரசியதில் பாதி அழுகியது. வேண்டாம்.

ஜூலை 20

"எந்த இனம் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது, இரண்டும் சாப்பிட உதவாத விதைக்காய்" என்று ஒரு பதில். கோபம் வரவில்லை, ஆனால் நீளமாகப் பதில் எழுதத் தோன்றுகிறது.

பால்பிசியானா வறட்சி தாங்கும், குளிரும் ஓரளவு தாங்கும். வடகிழக்கு இந்தியாவிலிருந்து தென்சீனா வரை அதன் காட்டு எல்லை, பருவம் மாறி மாறி வருகிற பூமி. அக்யூமினாட்டா ஈரமான வெப்பக் காட்டுக்காரன். வளர்ப்பு வாழையில் பி எண்ணிக்கை கூடக்கூட வறட்சி தாங்குவது கூடுகிறது என்பதன் வேர் இங்கேதான். சதைப்பற்றும் விதையின்மையும் அக்யூமினாட்டா பக்கத்துச் சீதனம்.

பால்பிசியானா இன்னொன்றையும் ஒளித்துக் கொண்டுவருகிறது. வாழைக் கோடு வைரஸின் மரபுத் துண்டுகள் அதன் குரோமோசோமிலேயே பதிந்திருக்கின்றன. சுத்த பால்பிசியானாவில் அவை தூங்குகின்றன, நோய் வருவதில்லை. அக்யூமினாட்டாவோடு கலந்து, அதைத் திசு வளர்ப்பு போன்ற நெருக்கடிக்கு உட்படுத்தினால் தூக்கம் கலைந்து வைரஸ் வெளியே வரலாம். நோயில்லாத இரண்டு பெற்றோருக்கு நோயுள்ள பிள்ளை. கலப்பினம் உருவாக்குகிறவர்கள் பால்பிசியானாவைத் தொட வெகுகாலம் தயங்கியதற்கு இது ஒரு காரணம்.

அக்யூமினாட்டா பக்கம் வந்தால், கல்கத்தா 4 என்ற பெயரில் ஒரு காட்டுச் செடி வகை உண்டு. கருஞ்சிகடோகா இலைப்புள்ளி நோயை எதிர்ப்பதால் கலப்பினப் பணிகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர். மலாக்கென்சிஸ் என்ற உள்ளினத்திலிருந்து எடுத்த ஒரு மரபணுவைக் கேவண்டிஷில் சேர்த்து, வாடல் நோயின் டிஆர்4 வகையைத் தாங்குகிற வாழைக்கு 2024ல் ஆஸ்திரேலியா அனுமதி கொடுத்தது. அந்த மரபணு வந்தது சாப்பிட உதவாத விதைக்காயிலிருந்து.

ஜூலை 21

சம்பந்தமில்லாத ஆனால் சொல்லாமல் இருக்க முடியாத ஒன்று. தாவரவியலாளர் லின்னேயஸ் 1736ல் நெதர்லாந்தில் கிளிஃபோர்ட் என்ற செல்வந்தரின் தோட்டத்துக் கண்ணாடிவீட்டில் வாழையைப் பூக்கவைத்து அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். பிறகு 1753ல் மூசா பாரடிசியாகா என்று இனப்பெயர் வைத்தார். அது ஒரு கலப்பு வாழை. அக்யூமினாட்டாவுக்கும் பால்பிசியானாவுக்கும் கொல்லா என்ற தாவரவியலாளர் பெயர் வைத்தது 1820ல்தான். பிள்ளைக்கு முதலில் பெயர், பெற்றோருக்கு அறுபத்தேழு வருடம் கழித்து.

மரபணு வாசிப்பிலும் முந்தியது அக்யூமினாட்டா, 2012. பால்பிசியானாவுக்கு 2019.

ஜூலை 22

"கலப்பில் எது அம்மா என்று கண்டுபிடிக்க முடியுமா?" நல்ல கேள்வி. முடியும், வாழையில் இது விசித்திரமாக வேலை செய்வதால் இன்னும் நன்றாகவே முடியும். பசுங்கணிகம் (இலைக்குப் பச்சை தருகிற செல் உறுப்பு) தாயிடமிருந்து வருகிறது, பெரும்பாலான செடிகளைப் போலவே. ஆனால் செல்லுக்கு ஆற்றல் தருகிற மைட்டோகாண்ட்ரியா வாழையில் தகப்பனிடமிருந்து வருகிறது. ஆகவே ஓர் இலைத்துண்டில் இரண்டு பக்கத்து வம்சாவளியையும் தனித்தனியாகப் படிக்கலாம். கைலென்ஸில் தெரியாது, ஆய்வகம் வேண்டும்.

ஜூலை 28

கேட்டவர் படங்கள் போட்டிருக்கிறார். தண்டு கறுப்பு, அதை விடுங்கள். காம்பு திறந்திருக்கிறது, அடியில் காய்ந்த சிறகு. மடல் இரண்டு சுருண்டிருக்கிறது. ஒரு மடலின் உள்ளே அடிப்பக்கம் மஞ்சள். தூரில் கன்றுகள் உண்டு. ஆண்பூ வெள்ளை.

எல்லாம் ஒரே பக்கம். அக்யூமினாட்டா. தண்டு நிறத்தை வைத்து நீங்கள் முதலிலேயே சொன்ன பதிலும் இதுதான், சரி. அடுத்த தூரில் பச்சைத் தண்டு நின்றால் அப்போது பேசுவோம்.

எந்த உள்ளினம் என்று படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். இளங்காய் ஒன்றை வெட்டிச் சூல் வரிசையைப் படம் எடுத்துப் போடுங்கள். காய் முற்றியதும் விதையைத் தூக்கிப் போடாமல், பறித்த இடத்தையும் தேதியையும் எழுதி உறையில் வையுங்கள். காம்பு வெட்டிய படத்தில் விரல் மறைக்கிறது, அதை மட்டும் இன்னொரு தடவை எடுக்க முடியுமா?